பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாய் வளர்ப்புப் பாடம் தேவையா?

காட்பாடிக்காரன்: குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீட்டுப் பசங்களுக்கு நாய், பூனையை அன்பாக வளர்க்க ஞாயிறு வகுப்பாம். நாயைச் சங்கிலியில் கட்டாதே என்று பாடமாம்! பத்துக்குப் பத்து வீட்டில் நாயை அவிழ்த்து எங்கே விடுவான்? தெருவில் போகிறவனைத்தான் கடிக்கும். முதலில் பசங்களுக்கு வேலை கற்றுக்கொடுங்கள்.

குடியாத்தம் அக்கா: அந்த வகுப்பை எடுப்பதே நான்தான். கட்டாதே என்று எப்போது சொன்னேன்? ஒரு முழச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டாதே என்றேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர்க் கிண்ணம் எட்டாத சங்கிலியில் அது என்ன செய்யும்?

காட்பாடிக்காரன்: பார்த்தீர்களா, சங்கிலி கூடாது என்று நீங்களே சொல்கிறீர்கள்.

ராணிப்பேட்டை தம்பி: அண்ணா, ரொம்பக் குட்டையான சங்கிலியில் அளவுக்கு மீறிக் கட்டிவைப்பது 1960ஆம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம்.

காட்பாடிக்காரன்: முதல் தடவை மாட்டினால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். இதற்கா இவ்வளவு சட்டம் பேசுகிறாய் தம்பி? வேலூர்க் கோட்டை அகழி மீனுக்குப் பொரி போடக் கூடாது என்று என்னிடம் மல்லுக்கு நின்றவன்தானே நீ?

ராணிப்பேட்டை தம்பி: அதை இன்னும் மறக்கவில்லையா? அன்றைக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

சேண்பாக்கம்: தை மாதம் எருது விடும் விழாவில் காளையைத் தடியால் தட்டி விரட்டுகிறார்களே, அங்கே போய் வகுப்பு எடுங்களேன் அக்கா.

வாணியம்பாடி: எங்கள் வீட்டுக் காளையை வருஷம் பூராவும் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம். தெரியாமல் பேசாதே.

குடியாத்தம் அக்கா: காளையை விடுங்கள். வேலை கற்றுக்கொடு என்கிறார், சரி. அப்பன் அடி, வாத்தியார் அடி என்று வளர்ந்த பையன் கைக்குக் கிடைத்த நாயைத்தான் அடிப்பான். அப்படி ஒருத்தன் போன மாதம் தன் நாயின் கழுத்து முடியை விலக்கிக் காட்டினான். பட்டை அறுத்து, உள்ளே சதை சிவந்திருந்தது. "இது வலிக்குமா அக்கா?" என்றான். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்று அவன் கையைப் பிடித்தே காட்டினேன். இப்போது மற்ற பசங்களுக்கு அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான். கடிபட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும், உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஊசிக்குப் போக வேண்டும், மஞ்சள் தடவக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காட்பாடிக்காரன்: எல்லாம் சரி. சங்கிலி இல்லாத நாய் என் பிள்ளையைக் கடித்தால் நீங்கள் வருவீர்களா?

குடியாத்தம் அக்கா: மறுபடியும் அதேதானா! நீளமான சங்கிலி என்றேன். நீ-ள-மா-ன.

காட்பாடிக்காரன்: நீளமோ குட்டையோ, கட்டாதே என்றுதானே ஆரம்பித்தீர்கள்?

வாணியம்பாடி: அந்தச் சேண்பாக்கத்துக்காரர் எங்கே? தடியால் தட்டுவதை எந்த ஊரில் பார்த்தாராம்?