மறு: மறு: நிறைப் பாய்வா, திணிவுப் பாய்ச்சலா? (வெள்ளிக்குள் முடிவு தேவை)

செ. எழுதியது:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எஞ்சின் சோதனை மேடைக்கான கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எரிபொருள் மீட்டர் காட்டும் லிட்டர்/மணி அளவைக் கிலோ/மணியாக மாற்றும் அத்தியாயத்தில் இடறல். முன்னதற்குப் 'பருமப் பாய்வு வீதம்', பின்னதற்கு 'நிறைப் பாய்வு வீதம்' என்று போட்டிருந்தேன். சரிபார்ப்பவர் இரண்டையும் சிவப்பில் சுழித்துவிட்டார். பருமன் என்றாலே உடல் பருமன்தான் நினைவுக்கு வருகிறதாம். வேறு சொல் உண்டா?

ஞா. எழுதியது:

பருமன் பாடநூல் கண்ட சொல். மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக நாம் ஏன் கைவிட வேண்டும்? 'கனஅளவு' என்று மாற்றிவிடாதீர்கள். பேச்சு வழக்கில் கனம் என்றால் பாரம். லிட்டரைக் கிலோவாக மாற்றும் அத்தியாயத்தில், லிட்டருக்கே 'கன' என்று பெயர் வைத்தால் படிப்பவன் எதை எதுவாக மாற்றுவான்?

த. எழுதியது:

இலங்கைப் பாடநூல்களில் கனவளவு என்றுதான் இருக்கிறது ஐயா. அதைப் பாரம் என்று எந்த மாணவரும் மயங்குவதில்லை. சிக்கல் மற்றச் சொல்லில்தான். எங்களுக்குத் திணிவு என்பது கிலோகிராமில் அளப்பது. நிறை என்பது புவியீர்ப்பு விசை, அலகு நியூட்டன். நீங்கள் எடை என்பதை நாங்கள் நிறை என்கிறோம். 'நிறைப் பாய்வு, கி.கி./மணி' என்று கண்டால் எங்கள் மாணவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். 'திணிவுப் பாய்ச்சல் வீதம்' என்று போடுங்கள்.

ஞா. எழுதியது:

> திணிவுப் பாய்ச்சல் வீதம்

திணிதல் என்றால் செறிதல். மண் திணிந்துதான் நிலம் ஆகிறது. வேரைப் பார்த்தால் திணிவு என்பது அடர்த்திக்கு உரிய பெயர். அடர்த்தியால் பெருக்கி வரும் விடைக்கு அடர்த்தியின் பெயரையே சூட்டுவதா?

நிறை, 'நிறு' என்பதன் வழி வந்தது. துலாக்கோலுக்கு நிறைகோல் என்ற பெயரும் உண்டு. (நிறுப்பது எடை அல்லவா என்று த. கேட்பார். கேட்கட்டும்.) இன்னொன்று: ஒற்றை விடாதீர்கள். 'நிறைபாய்வு' என்றால் நிறைகுடம் போல வினைத்தொகை, நிறைந்து பாய்வது என்று பொருளாகும். 'நிறைப்பாய்வு' என்றால்தான் நிறையினது பாய்வு. ஒரு 'ப்' தான் உங்கள் இயற்பியலையே தாங்கி நிற்கிறது.

வி. எழுதியது:

ஒற்று இருக்கட்டும். அத்தியாயத்தில் அடர்த்தி என்று ஒரே சொல்தான் இருக்கிறதா? அப்படியென்றால் அதுதான் பெரிய ஓட்டை.

லிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் கிலோ. ஆனால் எந்த அடர்த்தி? ஆய்வகச் சான்றிதழில் உள்ள எண் 15 டிகிரி செல்சியஸுக்கு உரியது. மீட்டருக்குள் ஓடும் டீசல் 50 டிகிரியில் இருக்கலாம். டீசல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.00083 பங்கு விரியும். சான்றிதழில் 0.835 கி.கி./லி. என்றால், 50 டிகிரியில் 0.835 × (1 − 0.00083 × 35) = 0.811. மீட்டர் 40 லிட்டர்/மணி காட்டினால் சரியான விடை 32.4 கிலோ. சான்றிதழ் எண்ணை அப்படியே போட்டால் 33.4. மூன்று விழுக்காடு பிசகு. பெட்ரோல் இன்னும் கூடுதலாக விரியும். டீசலின் எண்ணை அதற்குப் போடக்கூடாது.

மிச்ச எரிபொருள் தொட்டிக்குத் திரும்பும் எஞ்சினில் நிலைமை இன்னும் மோசம். அதே டீசல், போகும் குழாயில் 120 லிட்டர், 30 டிகிரி. திரும்பும் குழாயில் 90 லிட்டர், 60 டிகிரி என்று வைப்போம். லிட்டரைக் கழித்து, வந்த 30ஐ 30 டிகிரிக்கு உரிய அடர்த்தியான 0.8246ஆல் பெருக்கினால் 24.7 கிலோ. தனித்தனியே கிலோவாக்கிக் கழித்தால் 98.95 − 72.34 = 26.6. ஏழு விழுக்காடு குறைத்துக் காட்டிவிட்டோம். சூடான எண்ணெய் விரிந்து, திரும்பும் கணக்கை ஊதிவிடுகிறது. முதலில் கிலோவாக்கு, பிறகு கழி: இந்த வரிசை கையேட்டில் தடித்த எழுத்தில் வரவேண்டும். திரும்பும் குழாயில் காற்றுக் குமிழி வந்தால் டர்பைன் மீட்டர் அதையும் எரிபொருளாகவே எண்ணும். பிசுக்குமை (எண்ணெயின் கொழகொழப்பு) மாறினால் லிட்டருக்கு இத்தனை துடிப்பு என்ற அதன் காரணியும் நகர்ந்துவிடும். இதெல்லாம் வேண்டாம் என்றால் நிறையை நேரே அளக்கும் கோரியாலிஸ் மீட்டர் வாங்க வேண்டியதுதான்.

ஆகவே இரண்டு அடர்த்திக்கும் இரண்டு பெயர் கொடுங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

ஞா. எழுதியது:

'கொரியோலிசு' என்று எழுதுக. அடர்த்திகளுக்கு: சான்றிதழில் உள்ளது நியம அடர்த்தி, மீட்டருக்குள் ஓடும்போது உள்ளது ஓட்டநிலை அடர்த்தி.

த. எழுதியது:

இதற்கு மறுப்பில்லை.

ம. எழுதியது:

பணிமனைக்காரருக்கு 'லிட்டர்ப் பாய்வு', 'கிலோப் பாய்வு' என்றால் ஒரு நொடியில் புரியும். அலகு பெயரிலேயே இருப்பது காப்பும்கூட. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் 143ஆம் விமானத்துக்கு எரிபொருள் கணக்கிட்டவர்கள் 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். கிலோவுக்குச் சுமார் 0.80 போட்டிருக்க வேண்டும். தேவை 22,300 கிலோ. தொட்டியில் இருந்ததோ பத்தாயிரத்துச் சொச்சம். நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கனடாவின் கிம்லியில் சறுக்கியே இறக்கினார்கள்.

ஞா. எழுதியது:

மீட்டர் கிராம்/நொடி காட்டினால் 'கிராம்ப் பாய்வு' என்பீர்களா? அலகு மாறும்போதெல்லாம் பெயரும் மாறினால் அது கலைச்சொல் ஆகாது. 'கிலோப்' என்று ஒற்றுப் போட்டதற்கு மட்டும் நன்றி.

வி. எழுதியது:

கி.கி./மணியை 3.6ஆல் வகுத்தால் கிராம்/நொடி. இதையும் அட்டவணையில் சேருங்கள். ம. சொல்வதில் பாதி சரி: பெயரில் வேண்டாம், ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்பிலும் அலகை எழுதுங்கள். அடர்த்தி எண் நிற்கும் இடத்தில் கி.கி./லி. கட்டாயம்.

செ. எழுதியது:

நன்றி. அச்சகம் இரண்டு முறை அழைத்துவிட்டது. 'பருமப் பாய்வு வீதம்', 'நிறைப் பாய்வு வீதம்' இரண்டும் இருந்தபடியே போகின்றன. முதல் முறை வரும் இடத்தில் அடைப்புக்குள் கனவளவு, திணிவு சேர்த்திருக்கிறேன். நியம, ஓட்டநிலை அடர்த்திகள் அப்படியே. கழித்தல் வரிசை தடித்த எழுத்தில்.

த. எழுதியது:

அடைப்புக்குள் ஒரு முறை போட்டால் போதாது. அட்டவணையை மட்டும் படியெடுத்து ஒட்டிவைப்பார்கள், அங்கே அடைப்பு இராது. இலங்கைப் பதிப்பு தனியே வருமானால் திணிவு என்றே அச்சிட வேண்டும். என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும்.