மறு: கிரெயின் ரிஃபைன்மென்ட் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

உலோகம் உறையும்போது அதற்குள் உண்டாகும் சின்னஞ்சிறு படிகங்கள்தான் கிரெயின்; அவற்றைச் சிறிதாக்குவது கிரெயின் ரிஃபைன்மென்ட். இந்த இழையில் அதற்கு வந்த பரிந்துரைகளில் 'மணி சுத்திகரிப்பு' வேண்டவே வேண்டாம். சென்னைக்காரர்களுக்குச் சுத்திகரிப்பு என்றால் மணலி எண்ணெய் ஆலைதான் ஞாபகம் வரும். இங்கே எந்த அழுக்கும் வெளியே போகவில்லை, சொல்லப்போனால் உருகிய மெக்னீசியத்தில் நாமாகச் சிர்கோனியம் என்ற இன்னொரு உலோகத்தைப் போடுகிறோம்.

கிரெயினைப் பரல் என்று வைத்துக்கொண்ட 'பரல் நுணுக்கல்' கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஆனால் சுக்கையும் மிளகையும் நுணுக்குவது மாதிரி, இருக்கிற பெரிய பரலை உடைத்துச் சிறிதாக்குகிறோம் என்றுதான் படிக்கிறவருக்குப் படும். வார்ப்பில் நடப்பது அது இல்லை. உலோகம் உறையத் தொடங்கும்போது எத்தனை இடத்தில் கரு (படிகம் வளரத் தொடங்கும் புள்ளி) உண்டாகிறதோ ஏறக்குறைய அத்தனை பரல். கரு குறைவென்றால் ஒவ்வொன்றும் தாராளமாக வளர்ந்து மில்லிமீட்டர் கணக்கில் பெருத்துவிடும். நிறைய என்றால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சின்னதாகவே நின்றுவிடும். 1937-இல் ஜெர்மனியில் சாவர்வால்ட் என்ற ஆய்வாளர் சிர்கோனியத்தைச் சேர்த்துப் பார்த்துக் கண்டது இதைத்தான். இரண்டு உலோகத்துக்கும் ஒரே அறுகோணப் படிக அமைப்பு, அணு இடைவெளியில் வித்தியாசம் சுமார் 1 சதவீதம்தான், அதனால் சிர்கோனியத் துகள் மேல் மெக்னீசியம் சுலபமாகப் படிந்து வளர்கிறது. கரைவது சுமார் 0.6 சதவீதம்தான்; மீதி, மெக்னீசியத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அடர்த்தி என்பதால், அடியில் போய் உட்கார்ந்துவிடும். வார்ப்பதற்கு முன் நன்றாகக் கிளறாவிட்டால் போட்ட காசு வீண்.

அலுமினியம் கலந்த ஏஇசட்91 போன்ற மெக்னீசியக் கலவைகளில் இந்த வித்தை பலிக்காது. சிர்கோனியத்தை அலுமினியமே பிடித்துச் சேர்மமாக்கிவிடும். அங்கே கார்பன் சேர்ப்பார்கள், அல்லது உருகுநிலைக்கு மேல் 150 டிகிரிக்கும் கூடுதலாகச் சூடேற்றி, பிறகு வேகமாக வார்ப்பு வெப்பநிலைக்கு இறக்குவார்கள். வழி பல, பலன் ஒன்று. ஆகவே நம் சொல் பலனைச் சொன்னால் போதும், வழியைச் சொல்ல வேண்டாம்.

சரி, கிரெயினுக்கு என்ன? 'மணி' என்று வைத்தால் 'மணி அளவு 50 மைக்ரான்' என்று எழுத வேண்டி வரும், 'காலை பத்து மணி அளவில்' என்று செய்தி வாசிப்பதுபோல இருக்கும். 'குருணை' அழகான சொல், ஆனால் அது உடைந்த அரிசி, மறுபடியும் உடைப்பு வந்துவிடுகிறது. 'துகள்' என்றால் மேலே சொன்ன சிர்கோனியத் துகளோடு குழம்பும். 'பரல்' தேவலை: சிலம்புக்குள் கிடப்பது, ஒவ்வொன்றும் தனித்தனி, வேறு வேலையில் அவ்வளவாக மாட்டிக்கொள்ளாத சொல்.

என் பரிந்துரை 'சிறுபரலாக்கம்'. சேர்க்கும் பொருள் 'சிறுபரலாக்கி'. பரல் எல்லை, பரல் அளவு எல்லாம் இடறாமல் வருகின்றன. பெரியதைச் சிறியதாக்குவது என்றும் சிறியதாகவே உருவாக்குவது என்றும் இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. உருட்டியும் பிதுக்கியும் செய்யும் பொருட்களில் ஏற்கெனவே இருக்கும் பரல்கள்தான் சிதைந்து மறுபடிகமாகி, அதாவது புதுப் படிகங்களாகி, சிறுக்கின்றன, அதற்கும் இதே சொல் உதவும்.

இனாக்குலேஷனுக்கு (கரு உண்டாக உருகிய உலோகத்தில் வேறு பொருளைச் சேர்ப்பது) 'கருவூட்டல்' என்று எழுதியவருக்கு: ஐயா, அது கால்நடை மருத்துவமனையில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. 'வித்திடல்' போதாதா?

சிர்கோனியமா, சிர்க்கோனியமா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.