இரண்டு டூல் கேபினட் மேல் போட்ட வொர்க் பெஞ்ச் ஆடுகிறது, நடுவில் தொய்கிறது: என்ன செய்யலாம்?

நீலவண்டி:
வணக்கம். கார் ஷெட்டில், கேட்டுக்கு எதிரே இருக்கும் பின்சுவரை ஒட்டி எட்டடி நீளத்தில் வொர்க் பெஞ்ச். ஏழு ட்ராயர் டூல் கேபினட் இரண்டு; ஒவ்வொன்றும் அகலம் 27 அங்குலம், ஆழம் 18, சக்கரத்தோடு உயரம் 37. கால் நீட்டி உட்கார நடுவே 30 அங்குலம் விட்டு, மேலே 18 மி.மீ. பிளைவுட் ஒன்று போட்டு, 4 அங்குல வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) மாட்டியிருக்கிறேன். அரம் போட்டால் பெஞ்சே முன்னும் பின்னும் ஆடுகிறது, சக்கர பிரேக் போட்டும்கூட. நடுவில் பலகை தொய்கிறது. பூட்டாமல் விட்டால் மேல் ட்ராயர்கள் தானாக வெளியே வருகின்றன. பலகையை 25 மி.மீ. ஆக்கி, கேபினட்டோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் சரியாகுமா?

மூலைமட்டம்:
ஆகாது, ஸ்க்ரூவும் வேண்டாம். கேபினட்டின் மேல்தகடு 1 மி.மீ. பக்கம்தான் இருக்கும், அரம் இழுக்கிற இழுப்பில் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். ஸ்க்ரூ முனை மேல் ட்ராயருக்குள் நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும்.

ட்ராயர் தானாக வருவதற்குத் தரைதான் காரணமாக இருக்க வேண்டும். கார் ஷெட் தரையைக் கழுவுகிற தண்ணீர் கேட் பக்கம் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். பெஞ்ச் பின்சுவரில் இருப்பதால் ட்ராயர் திறக்கும் திசையும் வாட்டமும் ஒன்றாகிவிட்டன. ட்ராயர் ஓடும் பால் பேரிங் சானலுக்கு அந்தச் சரிவே போதும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூப்) வைத்து நாலு மூலையையும் அளந்து சொல்லுங்கள். ரசமட்டம் மட்டும் போதாது. ஏழடி நீளத்துக்கு அது சரியாகக் காட்டாது.

நீலவண்டி:
அளந்தேன் சார். 18 அங்குல ஆழத்துக்கு முன்பக்கம் 6 மி.மீ. இறக்கம். நீளவாக்கில் இடது மூலை 14 மி.மீ. இறக்கம். சுவர் செங்கல் சுவர்.

பட்டறைச்சத்தம்:
கேபினட் நேர்கீழாக வரும் பாரத்தைத் தாங்கும், அதில் குறை இல்லை. ஆனால் அது முன்பக்கம் முழுக்கத் திறந்த பெட்டி, அதுவும் சக்கரத்தில் நிற்கிறது. வைஸில் வரும் இழுப்பும் தள்ளலும் பக்கவாட்டு விசை. அதை வாங்க அதில் ஒன்றுமே இல்லை. அதனால் பாரத்தையும் இழுப்பையும் இரும்பு ஃபிரேம் வாங்கட்டும், கேபினட் டூல்ஸ் வைக்க மட்டும் இருக்கட்டும்.

முதலில் உயரம். சக்கரத்தோடு கேபினட்டை ஃபிரேமுக்குள் தள்ளினால் பெஞ்ச் 40 அங்குலத்தைத் தாண்டிவிடும், சுத்தியல் வேலைக்குத் தோள் வலிக்கும். 5 அங்குலச் சக்கரம் பிராக்கெட்டோடு ஏறக்குறைய 6 அங்குலம் பிடிக்கும். கழற்றிவிட்டால் உடம்பு 31 அங்குலம், அதாவது 787 மி.மீ. இதோடு கால் போல்ட் 20, அடிச்சட்டம் 40, கேபினட் தட்டாமல் நுழைய இடைவெளி 10, மேல்சட்டம் 40, பலகை 36 சேர்த்தால் 933 மி.மீ. வரும், 37 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வைஸின் வாய் முழங்கை உயரத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

இரும்பு 40×40×2 மி.மீ. ஸ்கொயர் டியூப். ஃபிரேம் நீளம் 2314, ஆழம் 560. ஒவ்வொரு கேபினட்டின் இரு பக்கமும் முன்னும் பின்னும் ஒரு கால், ஆக எட்டுக் கால். கேபினட் நுழையும் வாய் 696 விடுங்கள். 27 அங்குல (686 மி.மீ.) உடம்புக்கு 10 மி.மீ. சலுகை. பக்கவாட்டில் தள்ளுகைப்பிடி இருந்தால் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும், இல்லையென்றால் கடைசி நேரத்தில் கேபினட் உள்ளே போகாது. கணக்குப் போட்டால் டியூப் மொத்தம் 18 மீட்டர் வரும். 6 மீட்டர் நீளம் மூன்று சரியாகப் போதும் போலத் தெரியும்; வெட்டுச் சேதமும் பின்பக்கக் குறுக்குச் சாய்வுச் சட்டமும் இருப்பதால் நாலு வாங்குங்கள். நாலும் சேர்ந்து 55 கிலோவுக்குச் சுற்றி நிற்கும். அந்தச் சாய்வுச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள், நீளவாக்கு ஆட்டத்தை நிறுத்துவது அதுதான்.

எல்லா மூட்டையும் முதலில் பொட்டுப் பற்று (டாக் வெல்ட்) மட்டும் வையுங்கள். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் ஒன்றாக வந்த பிறகே முழு வெல்டிங். ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டே போனால் சூட்டில் சட்டம் வளைந்துவிடும். எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) டியூப் வாங்க வேண்டாம். துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது. கறுப்பு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) டியூப், ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் மேல் எனாமல் போதும். டியூப் வாயை மூடிவிடுங்கள், கழுவுகிற தண்ணீர் உள்ளே போனால் உள்ளிருந்து துரு பிடிக்கும். வெல்டிங் முடிகிற வரை கேபினட் அந்தப் பக்கமே வரக்கூடாது. பொறி பட்டால் பவுடர் கோட்டிங்கில் கறுப்புப் புள்ளி நிரந்தரமாகிவிடும்.

காலுக்கடியில் தகடு வைத்து எம்12 நட் வெல்ட் செய்து, போல்டைக் கீழிருந்து ஏற்றுங்கள். மட்டம் பார்க்கும்போது நாலு ஓரக் காலை முதலில் சரிசெய்து, நடுவில் உள்ள நாலையும் தரையைத் தொடும் வரை மட்டும் இறக்குங்கள். அதற்கு மேல் இறக்கினால் ஓரக் கால் தூக்கிக்கொள்ளும். கடைசியில் லாக் நட். பின்கால்களில் இரண்டு இடத்தில் 10 மி.மீ. ஆங்கர் போல்ட் போட்டுச் சுவரோடு பிடித்துவிடுங்கள். செங்கல் நடுவில் துளை போடுங்கள், கலவைக் கோட்டில் போட்டால் பிடிக்காது.

மூலைமட்டம்:
பலகையையும் சொல்லிவிடுகிறேன். 8×4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் எட்டடிக்கு இரண்டடி இரண்டு துண்டு. ஒட்டினால் 36 மி.மீ. பெஞ்ச் தயார். ஷீட்டில் ஐ.எஸ். 710 (மரைன் பிளைவுட்) முத்திரை பார்த்து வாங்குங்கள். ஓரத்தை உற்றுப் பாருங்கள். அடுக்குக்குள் பொந்து தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒட்டாமல் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் விறைப்பு இரண்டு மடங்குதான். முழுப் பரப்பும் ஒட்டினால் எட்டு மடங்கு, ஏனென்றால் விறைப்பு தடிமனின் கனத்துக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப ஏறும். 25 மி.மீ. போட்டால் இப்போதிருப்பதைப் போல இரண்டே முக்கால் மடங்குக்குள்தான் நிற்கும். மரைன் ஃபெவிகாலை வெயில் ஏறுவதற்குள் தடவி முடியுங்கள். மதியச் சூட்டில் பாதிப் பலகை தடவுவதற்குள் மறுபாதி காய்ந்துபோகும். கீழ்ப்பக்கமிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூ, ஆறு அங்குலத்துக்கு ஒன்று. ஒரு நாள் அசைக்காதீர்கள். ஓரத்தை வார்னிஷ் குடிக்கக் குடிக்கப் பூசுங்கள், தண்ணீர் ஏறுவது அங்கிருந்துதான். சுவரை ஒட்டி 10 மி.மீ. சந்து விட்டால் கரையான் மண் ஏறுவது கண்ணில் படும்.

மேலே 6 மி.மீ. பிளைவுட் ஒன்றை ஸ்க்ரூவில் மட்டும் பிடித்துவையுங்கள். கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

நீலவண்டி:
நன்றி. வைஸ் எங்கே? சட்டத்தில் துளை போட்டு போல்ட் இறக்கலாமா?

பட்டறைச்சத்தம்:
டியூபில் நேராகத் துளை போட்டு இறுக்காதீர்கள், 2 மி.மீ. சுவர் உள்வாங்கும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் தளரும். முன்மூலையில், காலுக்கு மேலே, இரண்டு சட்டத்துக்கும் உள்மூலையில் 150×150×10 தகடு ஒன்றைச் சட்டத்தின் மேல்மட்டத்துக்குச் சமமாக வெல்ட் செய்யுங்கள். வைஸ், பலகை, தகடு மூன்றையும் எம்12 போல்ட் பிடிக்கும், அகல வாஷரோடு. 6 மி.மீ. மேல்பலகையை வைஸ் உட்காரும் இடத்தில் மட்டும் வெட்டிவிட்டால் 75 மி.மீ. போல்ட் போதும், அதைவிட மிக நீளமானது கேபினட் கூரையில் முட்டும். வைஸின் அசையாத வாய் பலகை விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும், நீளக் கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க அதுதான் வழி.

கேபினட்டைத் தூக்கும் முன் ட்ராயர்களைக் கழற்றுங்கள். பல சானலில் ஒரு பக்க நெம்பை மேலே தூக்க வேண்டும், மறுபக்கத்தைக் கீழே அழுத்த வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் அழுத்திக்கொண்டு இழுத்தால் வராது, பேரிங் கூடு வளையும். உள்ளே வைத்தபின் சக்கரம் மாட்டியிருந்த துளைகள் வழியாகவே அடிச்சட்டத்தோடு எம்8 போல்ட் போடுங்கள். இல்லையென்றால் பாரம் நிறைந்த ட்ராயர்கள் நாலைந்தைச் சேர்த்துத் திறக்கும்போது கேபினட் முன்னால் சாயும். ஸ்பானர் செட், சாக்கெட் செட் மாதிரிக் கனமானவை கீழ் ட்ராயரில்.

மூலைமட்டம்:
பெஞ்சில் கிரைண்டர், டிரில்லுக்கு பிளக் பாயிண்ட் வைத்தால் ஃபிரேமுக்குத் தனி எர்த் கம்பி இழுங்கள், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும். இரும்புச் சட்டம், இரும்புக் கேபினட், கழுவுகிற தரை மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பெயிண்ட் அடித்த மூட்டில் எர்த் பிடிக்காது. கம்பி வரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே பூசிக்கொள்ளலாம்.