படிவத்தில் 'காய்ச்சல்' என்று மட்டும் எழுதி அனுப்பும்போது

ஆய்வக நுட்புநர்:

இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் பாட்டில் ஒன்று எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. கூட வந்த படிவத்தில் இருந்தது ஒரே சொல்: காய்ச்சல். மூன்றாம் நாள் கருவி பாசிட்டிவ் காட்டியது, அதாவது கிருமி வளர்ந்திருந்தது. கிருமியின் வகையைக் காட்டும் கிராம் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நுண்மணல் தூவினாற்போல் பொடிப்பொடியான கிராம் நெகட்டிவ் கிருமிகள். கிருமியை வளர்க்கும் தட்டில் மறுநாள் வளர்ச்சியே சரியாகத் தெரியவில்லை. அதற்கடுத்த நாள்தான் ஊசிமுனை அளவில் காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) வந்தன. கிருமியை அடையாளம் காணும் தானியங்கிக் கருவி அதை 'ஆக்ரோபாக்ட்ரம்' என்ற பாக்டீரியா என்றது. யூரியேஸ் சோதனையில் சில நிமிடங்களிலேயே நிறம் மாறியதைப் பார்த்த மூத்த நுட்புநர், எல்லாவற்றையும் மூடி வைக்கச் சொல்லிவிட்டார். அவர் சந்தேகப்பட்டது புருசெல்லா, ஆடுமாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியா. கருவிகள் அதை ஆக்ரோபாக்ட்ரம் என்று மாற்றிச் சொல்வது தெரிந்த விஷயம்தான், இரண்டும் நெருங்கிய உறவு. மேல்நிலை ஆய்வகம் புருசெல்லா என்றே உறுதிசெய்தது.

ஆனால் அதற்குள் தட்டைத் திறந்த மேசையில் கையாண்டாகிவிட்டது. கேட்டலேஸ் சோதனையும் அங்கேயே நடந்திருந்தது. அதில் பொங்கும் குமிழிகள் உடையும்போது கிருமி காற்றில் கலக்கும். புருசெல்லா மூச்சு வழியாக உள்ளே போகக்கூடியது, மிகச் சில கிருமிகளே போதும். தட்டைத் தொட்டவர்கள், 5 அடிக்குள் நின்றவர்கள் என்று பட்டியல் எடுத்தோம். நோய் வராமல் தடுக்க அவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகள் 3 வாரம். 6 வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, 24 வாரம் வரை. கருவுற்றிருந்த ஊழியர் ஒருவருக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்க முடியாது என்பதால் தனியாக ஆலோசனை கேட்க வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் கழித்தும் நோய் வரலாம் என்பதால் யாருக்குச் சின்னதாக உடம்பு சுட்டாலும் எல்லோருக்கும் பதற்றம். நல்லவேளை, ஒருவருக்கும் வரவில்லை.

அப்புறம் நோயாளியிடம் விசாரித்தபோது, ஆடுகளுக்குப் பிரசவம் பார்ப்பவர், பச்சைப் பால் குடிப்பவர் என்று தெரிந்தது. இந்த ஒரு வரி படிவத்தில் இருந்திருந்தால் பாட்டிலைத் தொடக்கத்திலிருந்தே கிருமி காற்றில் வெளியேறாமல் தடுக்கும் பயோசேஃப்டி கேபினட்டுக்குள் வைத்தே கையாண்டிருப்போம்.

பொது மருத்துவர்:

நீங்கள் எழுதியதை எங்கள் வார்டில் எல்லோரையும் படிக்கச் சொன்னேன். நோயாளி தானாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, உடையை விலக்கிப் பார்க்கவும் வேண்டும்.

ஒருவர் காய்ச்சலின் எட்டாம் நாள் வந்தார். வேறோர் இடத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 இரத்தப் பரிசோதனை பார்த்து நெகட்டிவ் என்று அனுப்பியிருந்தார்கள். அந்தச் சோதனைக்கு முதல் ஐந்து நாட்கள்தான் நல்ல காலம். எட்டாம் நாளில் அது நெகட்டிவ் என்பதை வைத்து டெங்கு இல்லை என்று சொல்லவே முடியாது. அவருடைய அக்குளில் சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த, வலியில்லாத ஒரு புண். அதுதான் எஸ்கார். ஸ்க்ரப் டைபஸ் என்ற பாக்டீரியாக் காய்ச்சலைப் பரப்பும் மைட் (சிற்றுண்ணி) லார்வா கடித்த இடம். கடித்ததே அவருக்குத் தெரியாது. அந்த நோயை உறுதிசெய்யும் ஐஜிஎம் எலைசா இரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்கினோம், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. முன்பு ஏற்றிய செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. எஸ்கார் எல்லோருக்கும் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லை என்பதற்காக நோயை விலக்கிவிடக் கூடாது.

கால்நடை மருத்துவர்:

புருசெல்லா இப்படியும் தொற்றும் என்று தெரியாமல், கன்று வீசிய (கருச்சிதைவான) மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பவர்களை இன்னும் பார்க்கிறேன், மனது கேட்கவில்லை. இன்னொன்றும் உண்டு. மாடுகளுக்கான புருசெல்லா தடுப்பூசி உயிருள்ள கிருமி. ஊசி தவறி எங்கள் கையில் குத்தினால் அதுவும் தொற்றுதான். அது ஆர்பி51 என்ற வகைத் தடுப்பூசியாக இருந்தால் ரிஃபாம்பிசின் பலிக்காது, வழக்கமான இரத்தப் பரிசோதனையிலும் பிடிபடாது. என் உதவியாளருக்கு அப்படிக் குத்தியபோது தடுப்பூசிக் குப்பியையே மருத்துவரிடம் கொடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்துத்தான் அவர் மருந்தை மாற்றினார்.

ஆய்வக நுட்புநர்:

டாக்டர், இது எங்களில் பலருக்குத் தெரியாது, நன்றி. எங்கள் படிவத்தில் இப்போது நான்கு கேள்விகள் சேர்த்திருக்கிறோம்: காய்ச்சலின் எத்தனையாவது நாள், விலங்குத் தொடர்பு, பூச்சிக்கடி அல்லது எஸ்கார், சமீபத்திய பயணம். ஐந்தாவதாகக் கால்நடைத் தடுப்பூசி ஊசி குத்தியதா, எந்தத் தடுப்பூசி என்பதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.