புதுப்பிப்பு: எஸ்எஸ்டி மாத்தின பிறகு பூட் ஆகாத லப்டொப்

கிளிநொச்சி லப்டொப், ஹார்ட் டிஸ்க்கை குளோன் பண்ணி (அப்பிடியே பிரதியெடுத்து) எஸ்எஸ்டி போட்டதும் பூட் டிவைஸ் (விண்டோஸைத் துவக்கிற டிஸ்க்) இல்லையெண்டு நிண்டதே, அது சரிவந்திட்டுது. எஸ்எஸ்டியிலை பிழையில்லை, பயோஸிலை (லப்டொப் துவங்கேக்கை முதல் ஓடுற அமைப்பு) பேரும் அளவும் வடிவாத் தெரிஞ்சது. பழைய டிஸ்க் எம்பிஆர் (டிஸ்க்கைப் பிரிச்சு வைக்கிற பழைய முறை), குளோனிலையும் அதுதான் வந்தது. சீமொஸ் பற்றரி (பயோஸ் செற்றிங்கைக் காக்கிற சின்ன பற்றரி) கழட்டினதிலை பயோஸ் லெகசியிலிருந்து (பழைய பூட் முறை) யூஈஎஃப்ஐக்கு (புது பூட் முறை) மாறியிருந்தது. அதிலை எம்பிஆர் டிஸ்க்கிலையிருந்து விண்டோஸ் பூட் ஆகாது.

லெகசிக்குத் திருப்பினாலே ஓடும். எண்டாலும் யூஈஎஃப்ஐக்கு ஏத்த புது முறையான ஜிபிடிக்கு மாத்திறதுதான் நல்லம். விண்டோஸ் 10 பென்டிரைவிலை பூட் பண்ணி, ஷிஃப்ட்+எஃப்10 அமத்தி, வாற கட்டளை விண்டோவிலை டிஸ்க்பார்ட் எண்ட டூலிலை எஸ்எஸ்டியின்ரை இலக்கத்தைப் பாருங்கோ. பிறகு விண்டோஸின்ரை மாத்திற டூல் எம்பிஆர்2ஜிபிடி: முதல் வலிடேட் (மாத்தேலுமோ எண்டு சோதிக்கிறது), அது சரியெண்டால் மட்டும் கொன்வேர்ட் (மாத்திறது). பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்க்கின்ரை முதன்மைப் பிரிவு) 3க்கு மேலை இருந்தால் வலிடேட்டிலையே மறிச்சிடும். கூடுதலா இடிக்கிறது கொம்பனி வைச்ச றிகவரி பார்ட்டிஷன்தான். கொன்வேர்ட் ஓடேக்கை கறண்ட் போகக்கூடாது. மாரியிலை எங்கடை பக்கம் தெரியும்தானே, செத்த பற்றரியோடை துவங்காதேங்கோ.