பாண்டி சுர்கூஃப் வீதி: குட்டி கப்பல வச்சு இவ்ளோ பெரிய கப்பல பிடிச்சது நிஜமா?

உப்புக்காத்து:
போன வாரம் பாண்டி போயிருந்தப்போ சுர்கூஃப் வீதின்னு போர்டு பாத்தேன், யாருடா இந்த ஆளுன்னு தேடினா பிரெஞ்சு நேவி கேப்டன், 1800ல வங்காள விரிகுடால கான்ஃபியான்ஸ்னு 18 பீரங்கி வச்ச கப்பல்ல வந்து கிட்டத்தட்ட 40 பீரங்கி, 400 பேர் இருந்த கென்ட்ங்கிற கிழக்கிந்திய கம்பெனி கப்பல பிடிச்சாராம். இவங்க சைடுல சுமார் 150 பேர்தான். கணக்கு இடிக்குதே, இல்ல பிரெஞ்சுக்காரன் ஊதி விட்டதா?

நங்கூரம்77:
முதல்ல ஒரு திருத்தம் ப்ரோ, அவர் நேவி இல்ல. பிரான்ஸ்ல செயின்ட் மாலோங்கிற ஊர்க்காரர், தனியார் முதலாளிங்க காசு போட்டு இறக்குற கப்பல்ல போறவர். எதிரி நாட்டு சரக்குக் கப்பல பிடிச்சுக்கோன்னு அரசாங்கம் லைசென்ஸ் குடுக்கும், கிடைச்சத பங்கு போட்டுப்பாங்க. இங்கிலீஷ்காரனுக்கு அவர் கொள்ளைக்காரன், பிரான்ஸ்ல சிலை.

பாய்மரப்பித்தன்:
ஊதி விட்டதெல்லாம் இல்லங்க, 1800 அக்டோபர் 7, கங்கை முகத்துவாரம் பக்கம் நடந்தது. ஆனா பீரங்கி எண்ணிக்கைய மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம். கென்ட் 800 டன்னுக்கு மேல, ஆனா அது சரக்குக் கப்பல். இந்த மாதிரி கம்பெனி கப்பல்ங்க தூரத்துலேந்து போர்க்கப்பல் மாதிரி தெரியணும்னே சில சமயம் பொய்யா பீரங்கி ஜன்னல் பெயின்ட் அடிச்சு வைப்பானுங்க. ஒரு பீரங்கிய ஒழுங்கா சுடவே அஞ்சாறு பேர் வேணும், பாய கவனிக்கவும் ஆள் வேணும், அவ்ளோ மாலுமிய எந்த முதலாளி சம்பளம் குடுத்து வைப்பான்? அந்த 400 பேர்லயும் பயணிங்க, சிப்பாய்ங்க, அப்புறம் பிரேசில் கரையில தீப்பிடிச்சு அழிஞ்ச குயீன்ங்கிற கப்பல்லேந்து காப்பாத்தி ஏத்துன கூட்டம் வேற. சுர்கூஃப் ஆளுங்க அப்படி இல்ல, சண்டைக்குன்னே ஏறினவங்க.

இன்னொன்னு கென்ட்டோட உயரம். பக்கத்துல வந்து ஒட்டிட்டா மேல் தளத்து பீரங்கிய அவ்ளோ கீழ சாய்க்க முடியாது, குண்டு தலைக்கு மேல போயிடும். அதுக்குள்ள இவனுங்க தாவி ஏறிட்டானுங்க. ஒன்றரை மணி நேரம் தளத்துலயே கைச்சண்டை. கென்ட் கேப்டன் ரிவிங்டனோட சேத்து 14 பேர் காலி, பிரெஞ்சு சைடுல 5 பேர். அப்புறம் ஒரு மணி நேரம் கொள்ளையடிச்சுக்கோன்னு விட்டாராம், ஆனா பொம்பளைங்க இருந்த அறை வாசல்ல காவல் போட்டுட்டார்.

உப்புக்காத்து:
ஓ அப்படியா. ஆனா பாண்டி பக்கத்துலயே இருக்கே, பிடிச்ச கப்பல ஏன் மொரீஷியஸ் வரைக்கும் இழுத்துட்டு போகணும்?

நங்கூரம்77:
1793லயே பாண்டிய வெள்ளைக்காரன் பிடிச்சுட்டானே! இந்தக் கரையில பிரெஞ்சுக்காரனுக்கு ஒதுங்க இடமே கிடையாது, மொரீஷியஸ்தான் ஒரே வீடு. அதனாலதான் 1810ல படையெடுத்து அதையும் பிடிச்சுட்டானுங்க.

கலங்கரை:
அண்ணே, கென்ட விட எனக்குப் பிடிச்சது 1796ல ட்ரைட்டன்ங்கிற கம்பெனி கப்பல பிடிச்ச கதை. சுர்கூஃப் அப்போ ஹூக்ளி ஆத்து முகத்துவாரத்துல பைலட் படகு (கப்பலுக்கு வழி காட்டுறவர் வர்ற படகு) ஒன்ன பிடிச்சு அதுக்கு மாறிட்டார். ட்ரைட்டன்ல 26 பீரங்கி, 150 பேர். பைலட் வர்றார்னு நினைச்சு சும்மா நின்னுட்டிருந்தானுங்க, இவர் ரெண்டு டஜன் ஆள் கூட இல்லாம ஏறி பிடிச்சுட்டார். செம காமெடி என்னன்னா அப்போ அவர்கிட்ட லைசென்ஸே இல்ல, மொரீஷியஸ் போனா கவர்னர் எல்லாத்தையும் பறிமுதல் பண்ணிட்டார், பாரிஸ் வரைக்கும் போய் கேட்டுதான் பணத்துல கொஞ்சமாவது வந்துச்சு.

உப்புக்காத்து:
ஹாஹா நம்ம ஊர் ஆர்டிஓ ஆபீஸ் மாதிரியே இருக்கு. சரி, அந்த கான்ஃபியான்ஸ் என்ன ஆச்சு?

பாய்மரப்பித்தன்:
1805ல ஸ்பெயின் மூரோஸ் துறைமுகத்துல நிக்கும்போது பிரிட்டிஷ் லுவார் கப்பல் வந்து பிடிச்சுடுச்சு. அந்த லுவார் கேப்டன் மெயிட்லண்ட், பத்து வருஷம் கழிச்சு பெல்லரஃபான்ங்கிற கப்பல்ல நெப்போலியன் சரணடைஞ்சது இவர்கிட்டதான். கான்ஃபியான்ஸ் அதே பேரோட பிரிட்டிஷ் நேவில சேந்து, 1809ல தென் அமெரிக்காவுல இருந்த கயேன்ங்கிற ஊர பிரெஞ்சுக்காரன்கிட்டேந்து பிடிக்கப் போச்சு. கான்ஃபியான்ஸ் பிடிபட்ட 1805ல சுர்கூஃப் செயின்ட் மாலோல முதலாளியா உக்காந்து மத்தவங்கள கடலுக்கு அனுப்பிட்டிருந்தார்.