டவுன்டவுன் டு வாட்டர்ஃப்ரண்ட் ட்ராலி: தண்டவாளமா, டயரா?

பாதிவழி கேட்டது:

வணக்கம் மக்களே. அர்பன் ப்ளானிங் படிக்கிறேன், இந்த செமஸ்டர் ஸ்டுடியோவுக்கு (டிசைன் ப்ராஜெக்ட் க்ளாஸ்) ஒரு கற்பனை ஊரோட மேப்பைக் குடுத்து டவுன்டவுனையும் வாட்டர்ஃப்ரண்டையும் ட்ராலி வெச்சு இணைக்க சொல்லிருக்காங்க. தூரம் 2.5 கிலோமீட்டர், நடுவுல ஒரு கூட்ஸ் ரயில் லைன் குறுக்க போகுது, தண்ணி ஓரத்துல ஒரே ஒரு ரோடுதான், அதுலயே பார்க்கிங், சைக்கிள், வாக்கிங் எல்லாம். டீம்ல மூணு ஆப்ஷன் ஓடுது. ஒண்ணு, பஸ் மேலயே பழைய ட்ராம் மாதிரி பாடி கட்டி விடுற டயர் ட்ராலி. ரெண்டாவது, நிஜமாவே பழைய ட்ராம் வண்டிகளை வாங்கி ரிப்பேர் பண்ணி தண்டவாளத்துல ஓட்டுறது. மூணாவது, புது லோ ஃப்ளோர் ஸ்ட்ரீட்கார், அதாவது ரோட்டுலயே தண்டவாளத்துல ஓடுற தாழ்தள நவீன ட்ராம். எல்லாருக்கும் ரெண்டாவது மேலதான் ஆசை, ரெண்டரிங்ல (கம்ப்யூட்டர்ல வரையுற படத்துல) சூப்பரா இருக்குங்கிறது ஒரு காரணம், பொய் சொல்ல மாட்டேன். செலவு குறைக்க ஒரே ட்ராக் போட்டு நடுவுல ஒரு இடத்துல மட்டும் வண்டிங்க மாறிக்கிற மாதிரி வெச்சா போதுமா? டிக்கெட் வைக்கலாமா, ஃப்ரீயா விடலாமா?

---

கால்அட்டவணை:

தம்பி, வண்டி எதுன்னு கடைசியா பாத்துக்கலாம், முதல்ல பேப்பர் எடுத்து கணக்கு போடுங்க. 2.5 கிலோமீட்டரை நடந்தா அரை மணி நேரம். ட்ராலி சிக்னல், ஸ்டாப் எல்லாம் சேத்து மணிக்கு 12 கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டா பன்னெண்டரை நிமிஷத்துல போயிடும், கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அரை மணிக்கு ஒண்ணு விட்டீங்கன்னா சராசரியா 15 நிமிஷம் நிக்கணும், மொத்தம் 27 ஆச்சு. நடக்குறவனும் கிட்டத்தட்ட அதே நேரத்துல போய் சேந்துடுவான், அப்புறம் எவன் ஏறுவான்? 10 நிமிஷத்துக்கு ஒண்ணு விட்டா 17, 18 நிமிஷத்துல முடிஞ்சுடும், அப்பதான் ட்ரான்ஸிட்டுனு சொல்லலாம்.

இப்ப அந்த ஒரே ட்ராக் விஷயம். சரியா நடுவுல மாறுற இடம் வெச்சாலும் ஒரு பாதியை கடக்க 6 நிமிஷத்துக்கு மேல ஆகும், அந்த வண்டி வெளிய வந்தாத்தான் எதிர் வண்டி உள்ள போக முடியும், அதனால போக ஆறேகால் வர ஆறேகால், என்ன குட்டிக்கரணம் போட்டாலும் பன்னெண்டரை நிமிஷத்துக்குக் கீழ இறக்க முடியாது, கொஞ்சம் லேட் ஆகறதுக்கு இடம் விட்டா 15தான் நடைமுறை. எதிர்காலத்துல கூட்டம் வந்தாலும் அதுக்கு மேல வண்டி சேக்க முடியாது. ஒரு வண்டி நின்னா எதிர்ல வர்றதும் நிக்கும். மாறுற இடம் ரெண்டு மூணாவது வையுங்க, இல்லேன்னா டவுன்டவுன் பக்கமாவது டபுள் ட்ராக் போடுங்க.

வண்டி எண்ணிக்கையும் இதுலயே வந்துடும். போக வர 25 நிமிஷம், ரெண்டு முனையிலயும் நிக்கிறது சேத்து 30. 10 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா ஓட்டத்துல 3, ரிப்பேருக்கு ஒண்ணு, ஆக 4. பழைய ட்ராம்னா ஸ்பேர் இன்னும் கூட வேணும்.

---

பழையஇரும்பு:

ஹெரிடேஜ் ட்ராம் பக்கம் பேச ஒரு ஆள் வேணும்ல, நான் பேசறேன் 😄

சான் ஃப்ரான்சிஸ்கோ எஃப் லைனைப் பாருங்க. 1995ல மார்க்கெட் ஸ்ட்ரீட்ல ரெகுலரா ஆரம்பிச்சாங்க, 2000ல ஃபிஷர்மென்ஸ் வார்ஃப் வரைக்கும் நீட்டினாங்க. பிசிசி வண்டிங்க (அமெரிக்காவோட பழைய ட்ராம் மாடல்), இத்தாலி மிலான்ல ஓடின ட்ராம் எல்லாம் அதுல ஓடுது, டூரிஸ்டும் ஏறுறான் ஆபீஸ் போறவனும் ஏறுறான். ஆனா ஒண்ணு கவனிங்க, மார்க்கெட் ஸ்ட்ரீட்ல தண்டவாளமும் கம்பியும் ஏற்கனவே கெடந்தது, தண்ணி ஓரத்துல எம்பார்கடேரோ மேம்பாலம் 1989 பூகம்பத்துல அடிபட்டதால இடிச்சுட்டு, அந்த எடத்துல அகலமான ரோடு கெடச்சது. அந்த ரெண்டு யோகமும் உங்க மேப்ல இருக்கா?

சின்ன ஊருக்குன்னா அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்து கெனோஷா. 2000ல ஆரம்பிச்சது, டொராண்டோல இருந்து வாங்கின பிசிசி வண்டிங்க, டவுன்டவுன் ரயில் ஸ்டேஷனையும் மிஷிகன் ஏரிக்கரையையும் சுத்தி வர்ற குட்டி லூப். பெருசா ஆசைப்படல, அதனாலயே தாக்குப்பிடிக்குது.

சறுக்கினதும் சொல்லணும்ல. அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல 2013லயும் 2014லயும் ரெண்டு ட்ராலி தீப்பிடிச்சு மொத்த சர்வீஸையும் நிறுத்துனாங்க, திரும்ப ஓட 2018 ஆச்சு. பழைய வண்டின்னா பார்ட்ஸ் கடையில கிடைக்காது, பழைய மோட்டாரை கழட்டி மாட்டத் தெரிஞ்ச ஆளும் லேசுல கிடைக்காது. வீல்சேர் ஏத்துற வசதியையும் இப்பவே யோசிங்க. படி உசரமா இருக்கும், ஸ்டாப்புல சாய்தள மேடை கட்டணும் இல்ல வண்டியில லிஃப்ட் வைக்கணும், லிஃப்ட் வெச்சா ஒரு ஆளை ஏத்தறதுக்குள்ள கால்அட்டவணை அண்ணன் போட்ட 12 கிலோமீட்டர் கணக்கு படுத்துடும்.

---

பாதிவழி:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரே ட்ராக் கணக்கைப் பாத்து டீம்ல எல்லாரும் வாயடைச்சுட்டாங்க. டிப்போவை தண்ணி ஓரத்துல காலியா கெடக்குற ப்ளாட்ல வைக்கலாம்னு இருந்தோம், அது ஓகேவா?

---

உப்புக்காத்து:

வேண்டாம்ங்க. ரெண்டு காரணம்.

முதல் காரணம் வெள்ளம். டெக்சாஸ் கடலோரத்துல கால்வெஸ்டன் ஊர் ட்ராலி 2008ல ஐக் புயல்ல உப்புத்தண்ணி ஏறி நின்னுபோனது, மறுபடி ஓடினது 2021லதான். தண்ணிக்குப் பக்கத்துல லைன் போறது தவிர்க்க முடியாது, ஆனா ராத்திரி வண்டிங்க தூங்குற எடமும் கரன்ட் சப்ஸ்டேஷனும் மேட்டுல இருக்கணும்.

ரெண்டாவது ரியல் எஸ்டேட். தண்ணி ஓரத்து மனைய பத்து வருஷம் கழிச்சு யாராவது கேப்பாங்க, கேக்காம விட மாட்டாங்க. சியாட்டில்ல 1982ல இருந்து மெல்போர்ன் ட்ராம் வண்டிங்களை வெச்சு வாட்டர்ஃப்ரண்ட் லைன் ஓட்டினாங்க, 2005ல சிற்பப் பூங்கா கட்ட அந்த டிப்போவை இடிச்சாங்க, வேற டிப்போ அமையல, லைனே போச்சு. தண்டவாளம் இருந்தது, வண்டி இருந்தது, நிறுத்தி வைக்க எடம் இல்ல. டிப்போவ டவுன்டவுன் முனையத் தாண்டி உள்ள தள்ளி வையுங்க.

கூட்ஸ் லைன் க்ராஸிங்கை ஈஸியா எடுத்துக்காதீங்க. ஃப்ளோரிடாவுல டாம்பா ஊர் ஸ்ட்ரீட்கார் லைன்ல அப்படி ஒரு க்ராஸிங் இருக்கு, அதுக்கு கட்ட வேண்டிய இன்சூரன்ஸே அவங்களுக்கு பெரிய தலைவலியா இருந்தது. நீளமான கூட்ஸ் வண்டி ஒண்ணு மெதுவா போனா உங்க 10 நிமிஷ ஷெட்யூல் கந்தல்.

---

கால்அட்டவணை:

டாம்பான்னதும் ஞாபகம் வந்துச்சு, அந்த ஃப்ரீ டிக்கெட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. அங்க 2002ல ஆரம்பிச்சு டிக்கெட் வாங்கித்தான் ஓட்டினாங்க, 2018ல மாநில அரசு க்ராண்ட் கிடைச்சு ஃப்ரீ ஆக்கினதும் கூட்டம் மளமளன்னு ஏறிச்சு. ஆனா அதே நேரத்துல காலையிலயே வண்டி விட ஆரம்பிச்சாங்க, 15 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னும் ஆக்கினாங்க. அதனால "ஃப்ரீ விட்டா கூட்டம் வரும்"னு ப்ரெசன்டேஷன்ல ஒரே வரியா எழுதிடாதீங்க, யாராவது விவரமானவர் மடக்குவார். மதியத்துக்கு மேல ஓடுற வண்டி டூரிஸ்டுக்கு மட்டும்தான், வேலைக்குப் போறவனுக்கு காலையில வேணும்.

---

வெள்ளைக்கோடு:

ஏன் எல்லாரும் டயர் ட்ராலியை தொடவே மாட்டேங்கிறீங்க? அந்த மர பெஞ்சு, பித்தளை கம்பி வேஷம் எனக்கும் பிடிக்காது, சாதாரண லோ ஃப்ளோர் பஸ்ஸே அதைவிட வசதி. ஆனா ரோட்டுல ஒரு டெலிவரி வேன் ரெண்டு சக்கரத்தை கோட்டுக்கு வெளிய விட்டு நிப்பாட்டினா பஸ் சுத்திப் போயிடும், ஸ்ட்ரீட்கார் அங்கயே மணி அடிச்சுட்டு நிக்கும். பார்க்கிங் லேனை ஒட்டியே தண்டவாளம் போட்ட ஊர்ல எல்லாம் இதான் தினப்படி கதை.

அதனால என் ஓட்டு தனி லேனுக்கு. தண்ணி ஓரத்து ரோட்டுல பார்க்கிங்கை ஒரு பக்கம் எடுத்துட்டு லேனை ஒதுக்குங்க, முதல்ல எலக்ட்ரிக் பஸ் விடுங்க, 10 நிமிஷத்துக்கு ஒண்ணு. கூட்டம் நின்னா அதே லேன்ல தண்டவாளம் போடலாம், ஆனா கீழ போற தண்ணி பைப், கேபிள் எல்லாத்தையும் அப்ப நகர்த்தணும், அதுக்கு ஆகுற காசும் நேரமும் சும்மா இல்ல, மேப்ல இப்பவே குறிச்சுடுங்க. சைக்கிளுக்கு தண்டவாள பள்ளம் எமன், க்ராஸ் பண்ற எடத்துல நேர் குறுக்க போற மாதிரி வரையணும்.

---

பழையஇரும்பு:

பஸ்ஸுன்னு எழுதினா ஜூரி (மார்க் போட வர்ற குழு) தூங்கிடுவாங்க பாஸ் 😏 சரி, லேன் விஷயத்துல ஒத்துக்கறேன். தண்ணி ஓரத்துல கம்பி தெரியக்கூடாதுன்னு யாராவது கேட்டா டாலஸ் பாருங்க, 2015ல இருந்து பாலத்து மேல பேட்டரியில ஓடுது, கம்பி இல்ல. பிரான்ஸ்ல போர்தோவுல (Bordeaux) 2003ல தரையில இருந்தே கரன்ட் எடுக்கிற முறை வெச்சாங்க, பாக்க அழகு, ஆனா ஆரம்பத்துல அடிக்கடி மக்கர் பண்ணிச்சு.

---

பாதிவழி:

தனி லேன், முதல்ல பஸ், டிப்போ உள்பக்கம், தண்டவாளம் ரெண்டாவது கட்டம்னு வரையப் போறோம். ஹெரிடேஜ் வண்டி ஒண்ணு மட்டும் வாரக்கடைசிக்குன்னு டீம்ல ஒருத்தன் அடம் பிடிக்கிறான். அந்த கூட்ஸ் க்ராஸிங்கைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல, பாலம் போட்டா இந்தப் பக்கம் ஏற்றத்துக்கு எவ்ளோ நீளம் விடணும்?

---

உப்புக்காத்து:

கூட்ஸ் லைனுக்கு மேல விட வேண்டிய க்ளியரன்ஸ், பாலத்தோட தடிமன் சேத்து 8 மீட்டர் ஏறணும்னு வெச்சுக்கோங்க, 6 சதவீத சரிவுன்னா ஒரு பக்கத்துக்கு 133 மீட்டர், மேலயும் கீழயும் வளைவா சேர்றதுக்கு இன்னும் கொஞ்சம். அந்த நீளத்துக்குள்ள எந்த குறுக்குத் தெரு மாட்டுதுன்னு மேப்ல பாத்து சொல்லுங்க.